ஞானராசுவின் இரண்டு நாள்

அய்யா,

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை. சுகர் மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறேன். முழங்கால் வலி எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கிறது. போனில் சொல்ல வேண்டியதை எதற்கு உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், போனில் நான் பேச்சை எடுத்ததும் நீ "சரிம்மா, விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். போன வாரம் அப்படித்தான் விட்டேன். காகிதத்திடம் நீ அப்படிச் சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். விஷயத்தில் மட்டும் எதையும் திருத்தாதே. படித்துவிட்டு மூடி வைக்கவும் கூடாது. உன் பேருக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் இது ஊரே படிக்க வேண்டிய கடிதம்.

மாடி வேலை பார்த்த கொத்தனார் ஞானராசு விஷயம்தான். மாடி ஒழுகலை அடைக்கவும், தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் உட்கார்ந்து போவதற்குத் தோதாக ஒரு பாத்ரூம் கட்டவும் ஆனி மாதம் நீதான் பணம் அனுப்பினாய். ஞானராசு வேலையை ஒத்துக்கொண்டான். சிமெண்ட், டைல்ஸ், பைப் எல்லாம் அவனே வாங்கி ரசீது கொடுப்பது, கூலி மட்டும் நாள் கணக்கு என்று பேச்சு. அவன் கொத்தனார், அவன் பெண்டாட்டி எஸ்தர் சித்தாள். இரண்டே பேர்தான். வேலை முடிந்த அன்று பன்னிரண்டு நாள் கூலி என்று பில் எழுதிக் கொடுத்தான். பத்து நாள்தான் என்று நான் சொன்னேன். அவன் இல்லை என்றான். பத்து நாள் கூலியை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டு உனக்குப் போன் போட்டேன். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் பன்னிரண்டு நாள் வேலை பார்த்தார்கள். நான்தான் தப்பாகச் சொன்னேன். அது தப்பு என்று தெரிந்த பிறகும் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

கணக்கு நோட்டு வைத்திருக்கிறவர்களை நான் நம்புவதில்லை என்பது உனக்குத் தெரியும். பதினான்கு வயதில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கப் போனேன். குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும், ஒரு சட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. நான் இருபது அடுக்கினால் கணக்கப்பிள்ளை நோட்டில் பதினேழு என்று இருக்கும். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கேட்டேன். "நோட்டு பொய் சொல்லுதா, நீ சொல்லுதியா?" என்றார். கூட இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் யார், அன்றைக்கு அவர்கள் என்ன நிறத்தில் தாவணி போட்டிருந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன். அந்த ஆள் செத்தபோது துக்கத்துக்குப் போகவில்லை. அவருடைய மகள் எதிரே வந்தால் இன்றைக்கும் வேறு தெருவில் சுற்றிக்கொண்டு போகிறேன். அவளுக்குக் காரணம் கூடத் தெரியாது. அன்றிலிருந்து அடுத்தவன் நோட்டை நம்பக்கூடாது, என் கணக்கு என்னிடம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். பால்காரனுக்குச் சுவரில் கோடு, இஸ்திரி போடுகிறவருக்குக் கதவில் கோடு. மாடி வேலைக்கு, தேதி கிழிக்கிற காலண்டர். காலையில் தாளைக் கிழித்ததும் கொத்தனாருக்கு ஒரு நெட்டைக் கோடு, சித்தாளுக்கு ஒரு குட்டைக் கோடு போட்டுக் கம்பியில் குத்தி வைப்பேன். வராத நாள் தாளில் கோடு இருக்காது.

நம் ஊரில் யாரும் காசு கொடுத்துக் காலண்டர் வாங்குவதில்லை. நாடு முழுக்க இங்கிருந்துதான் போகிறது, நமக்கு மிஞ்சுவது வேஸ்ட் காலண்டர். அடுத்த வீட்டுப் பெண் தாள் சேர்த்துப் பின் அடிக்கிற கம்பெனிக்குப் போகிறாள், வருடம் பிறப்பதற்கு முன்பே ஒன்று கொண்டுவந்து கொடுத்துவிடுவாள். சிலதில் ஒரே தேதி இரண்டு தடவை வரும், சிலதில் சாமி படம் தலைகீழாக இருக்கும். இந்த வருடத்துக் காலண்டரில் ஆனி மாதத்தில் இரண்டு தாள் இல்லை. ஏழாம் தேதியைக் கிழித்தால் நேராகப் பத்து. வேலை நடந்துகொண்டிருந்தபோது அந்த இரண்டு நாளும் வந்தது. தாள் இல்லை, எதில் கோடு போடுவது? அதற்கு ஒரு வழி செய்தேன். செய்ததை மறந்துவிட்டேன். இந்த வரியை எழுதுவதற்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று உனக்குச் சொல்லமாட்டேன்.

பில் கொடுத்த அன்று நான் வாசல்படியில் நின்றேன், அவன் கீழே தெருவில் நின்றான். நான் கம்பியில் இருந்த தாளையெல்லாம் எடுத்து அவன் முகத்துக்கு நேராக எண்ணிக் காட்டினேன். கோடு போட்ட தாள் பத்து. அவன் சத்தம் போடவில்லை. "ஆச்சி, தாள் இல்லாத அந்த ரெண்டு நாள விட்டுட்டீக போல. காலண்டர்ல தேதி இல்லைன்னு நீங்கதான சொன்னீக," என்றான். என் ஞாபகத்தையா சொல்கிறான் என்று எனக்குக் கோபம் ஏறியது. "ஏலே, உங்க அய்யா கல்யாணத்துல யாரு யாரு எம்புட்டு மொய் வச்சாகன்னு இன்னைக்குக் கேளு, சொல்லுதேன். ரெண்டு நாளையா மறப்பேன்?" என்றேன். எதிர்வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள். எஸ்தர் முன்னால் வந்தாள். "ஆச்சி, காலண்டர் அட்டைக்குப் பின்னால கோடு போட்டு வச்சீகளே, திருப்பிப் பாருங்க" என்றாள். "என் வீட்டுச் சுவத்துல என்ன இருக்குன்னு நீ எனக்குச் சொல்லுதியாக்கும்? கூலிக்கு வந்தவ கூலிய வாங்கிட்டுப் போ," என்றேன். காலண்டர் எனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் தொங்கிக்கொண்டு இருந்தது. போய்த் திருப்பியிருக்கலாம். திருப்பினால் எனக்கே என் மேல் சந்தேகம் என்று ஆகிவிடும், அதுவும் எதிர்வீட்டுக்காரி பார்க்க. அதனால் திருப்பவில்லை. ஞானராசு பத்து நாள் கூலியை வாங்கி எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு, "வாரோம் ஆச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அன்று மாலையே நீ ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் பேசிப் போட்டாய். அடுத்த வீட்டுப் பெண் போனைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினாள். "எங்க அம்மா தனியா இருக்காங்கன்னு தெரிஞ்சே ரெண்டு நாள் கூலியைச் சேத்து எழுதிட்டான். நாள் திருடுறவன். வயசானவங்க இருக்கிற வீட்டுக்குள்ள இந்த ஞானராசுவ விடாதீங்க," என்று நீ சொன்னதைக் கேட்டதும் எனக்குப் பெருமை பொங்கிவிட்டது. மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டேன். என் மகன் எனக்காக எப்படிப் பேசுகிறான் பார் என்று அவளிடம் சொன்னேன். கீழே யார் யாரோ, இங்கே இருக்கிறவர்கள், வெளிநாட்டில் இருக்கிறவர்கள், எங்களையும் ஒருத்தன் இப்படித்தான் ஏமாற்றினான் என்று எழுதியிருந்தார்களாம். அதையும் வாசிக்கச் சொன்னேன். எல்லாம் இனித்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அந்தக் காலண்டரை எடுத்துத் திருப்பினேன். யாரும் சொல்லி அல்ல. எஸ்தர் சொன்ன வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன், நன்றாகத்தான் தூங்கினேன். அது ஒரு அரிப்பு மாதிரி இருந்தது. அட்டைக்குப் பின்னால் நாலு கோடு. இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. கரித்துண்டால் போட்டது, என் கைக்கோடு, அதில் சந்தேகமே இல்லை. பார்த்ததும் அந்த இரண்டு நாளும் முழுசாக ஞாபகத்துக்கு வந்துவிட்டது. முதல் நாள் எஸ்தரிடம் நான், "ஏளா, இன்னைக்குத் தேதியே கிடையாதாம். உனக்கு எப்படிக் கூலி தர?" என்று கேலி செய்தேன். அவள் சிமெண்ட் சட்டியை இறக்காமலே, "தேதி இல்லாட்டி என்ன ஆச்சி, இடுப்பு வலி இருக்குல்ல, அதுல எழுதிக்கிடுங்க" என்றாள். நான் அப்படிச் சிரித்தேன். அன்றைக்கு அவளுக்கு மோர் கொடுத்தேன், உப்பு கூடிப்போச்சு என்று முகத்தைச் சுளித்தாள். இரண்டாம் நாள்தான் பாத்ரூம் தரைக்கு வாட்டம் பார்த்தார்கள், ஞானராசு ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி அது ஓடுகிற திசையை எனக்குக் காட்டினான். அவ்வளவும் எனக்குள்ளே இருந்திருக்கிறது அய்யா. தேவைப்பட்டபோது மட்டும் இல்லை.

காலண்டரைப் பழையபடி மாட்டினேன். அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். "அந்த ஆளு மறுபடியும் வந்து தகராறு பண்ணுனானாம்மா?" என்று கேட்டாய். "இல்லய்யா, இனிமே வருவானா?" என்றேன். அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். மறந்துபோனது என் குற்றம் இல்லை, வயது. சொல்லாமல் இருந்தது என் குற்றம். அதற்கு எனக்குள் நூறு காரணம் சொல்லிக்கொண்டேன். பெரிய தொகையா, அவன் டைல்சில் கொஞ்சம் எடுத்திருக்க மாட்டானா, ஒரு வாரத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று. உண்மையான காரணம் ஒன்றுதான். என்னிடம் நகை இல்லை, நிலம் இல்லை. இந்த ஊரில் யாருக்கு எந்த வருடம் என்ன நடந்தது என்றாலும் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். அந்த மரியாதையும் போய்விட்டால் மூலையில் உட்கார வைத்துச் சோறு போடுகிற கிழவியாகிவிடுவேன் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு இன்னொருவன் பேரைத் தூக்கிக் கொடுத்தேன்.

உங்கள் அப்பாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் அச்சாபீசில் கட்டிங் மிஷினில் இருந்தபோது ஒரு பெரிய ஆர்டர் லேபிளை ஓரம் கூடுதலாக வெட்டிவிட்டார். யாரும் பார்க்கவில்லை. கட்டு கட்டாக உள்ளே போய்விட்டது. அவரே போய் முதலாளியிடம் சொன்னார், மூன்று வாரச் சம்பளத்தில் கை வைத்துவிட்டார்கள். நீ அப்போது கைப்பிள்ளை. நான் நான்கு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "யாரும் பாக்காத தப்ப நீங்களே தூக்கிட்டுப் போயிக் குடுப்பீகளா?" என்று கத்தினேன். "அது அங்கனயே இருக்காதுல்ல. நாளைக்குக் கட்டு எண்ணுற பொம்பளைக தலையில விழும்," என்றார். சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். அவர் போன பிறகும் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லி, எங்க வீட்டு நீதிபதி என்று சிரிக்க வைப்பேன். சிரித்தவர்களோடு நானும் சிரித்திருக்கிறேன்.

உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. குரூப்பில் பேசியது உன் குரல், பேச்சு என்னுடையது. உனக்கு ஒன்பது வயதில் உன் சித்தப்பா வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்த என்னை எழுப்பிவிட்டார்கள். அவர்கள் பக்கம் என்ன நடந்தது என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் உன்னைக் கூப்பிட்டு, இனி அந்த வீட்டுப் பையனோடு பேசினால் என் மகனே இல்லை என்றேன். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்கள். மறுநாளிலிருந்து நீ சாலையின் இந்த ஓரம், அவன் அந்த ஓரம். ஒரு வருடம். அம்மா சொன்னால் எதிராளியைக் கேட்க வேண்டியதில்லை என்று நான்தான் உனக்குப் பழக்கினேன். அதனால்தான் ஞானராசுவுக்கு ஒரு போன் போட்டு, என்னப்பா நடந்தது என்று கேட்க உனக்குத் தோன்றவில்லை. இனி கேள். உன் பிள்ளைகள் யாரையாவது குற்றம் சொல்லிக்கொண்டு வந்தாலும், உன் பெண்டாட்டி சொன்னாலும், நான் சொன்னாலும், அந்தப் பக்கத்து ஆளையும் கேட்டுவிட்டுப் பேசு. நான் சொன்னால் கட்டாயம் கேள்.

புரட்டாசி பாதியில் இங்கே ஒரு நாள் நல்ல மழை. மறுநாள் காலையில் பால்காரன் வரவில்லை என்று பால் வாங்கத் தெரு முக்குக்குப் போனேன். பட்டாசு ஆபீஸ் வேன் நின்றுகொண்டிருந்தது, ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஞானராசுவும் இருந்தான், கையில் தூக்குவாளி. நான் தலையைக் குனிந்துகொண்டு போகப் பார்த்தேன். அவன்தான் கூப்பிட்டான். "ஆச்சி, ராத்திரி அம்புட்டு மழை பெஞ்சதே, மாடி ஒழுகலையே?" என்றான். இல்லை என்று தலையை ஆட்டினேன். "அந்த மூலைய மட்டும் ஒருக்காப் பாத்துக்கிடுங்க. லேசாக் கசிஞ்சாலும் சொல்லி விடுங்க," என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டான். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நானும் ஒன்று திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். பாலை வாங்காமலே திரும்பி வந்தேன். ஒரு கொத்தனார் எதற்காகப் பட்டாசு ஆபீஸ் வேனில் ஏறுகிறான் என்று அன்றைக்கெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இரண்டு நாள் கூலியை, அவனுக்கும் அவளுக்குமாக, எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். எஸ்தர் மட்டும் இருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், அட்டையைத் திருப்பிப் பார்த்தது, பார்த்து மூன்று மாதம் ஆனது, எல்லாம். அவள் பணத்தை வாங்கி எண்ணினாள். "இது எங்க கூலி ஆச்சி, வேண்டாம்னு சொல்ல மாட்டேன்," என்றாள். பிறகு கேட்டாள். "பணத்தக் கொண்டாந்துட்டீக. உங்க மகன் பேசுனாகளே, அத எதுல வச்சுக் கொண்டாருவீக?"

அப்போதுதான் முழுசும் தெரிந்தது. நாரணாபுரத்தில் ஒரு வீட்டுக்கு மாடி எடுக்க ஞானராசுவிடம் பேசி அட்வான்சும் கொடுத்திருந்தார்கள், ஆறு மாத வேலை. அந்த வீட்டுக்காரரும் நம் குரூப்பில் இருக்கிறார். உன் பேச்சைக் கேட்ட மறுநாள் அட்வான்சைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு சில்லறை வேலைக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஞானராசு பட்டாசு ஆபீசில் வெடிமருந்து கலக்கிக்கொண்டிருந்தவனாம். கூட வேலை பார்த்தவன் எரிந்து போனதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று கொத்துக்கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டவன். இப்போது சீசன், பழகின கைக்கு நல்ல கூலி கொடுக்கிறார்கள். ஆடி மாதத்திலிருந்து வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு ஆபீசில் மறுபடியும் மருந்து கலக்குகிறான். "எங்கிட்ட லோடு ஏத்துற வேலைன்னுதான் சொன்னாக. சட்டையத் துவைக்கும்போது எனக்குத் தெரியாதா?" என்றாள் எஸ்தர். "டமார்னு எங்கன சத்தம் கேட்டாலும், கல்லு வெடிச்சாக்கூட, நான் தெருவுக்கு ஓடிருதேன் ஆச்சி. சாயங்காலம் வேன் வந்து அவுக எறங்குற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது." அழவில்லை. அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருப்பேன். சுவரில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தாள்.

அடுத்த நாள் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி நாரணாபுரம் போனேன். அந்த வீட்டுக்காரர் மரியாதையானவர், நாற்காலி போட்டு டீ கொடுத்தார். அட்டையைத் திருப்பி நாலு கோட்டையும் காட்டி நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ஆச்சி, கோவிச்சுக்கிடாதீக. மறந்துட்டேன்னு நீங்களே சொல்லுதீக. அப்ப இப்பச் சொல்லுறது மட்டும் சரியா இருக்கும்னு நான் எப்படி நம்ப? அவன் பெண்டாட்டி வந்து அழுதிருப்பா, நீங்க மனசு இரங்கி வந்திருப்பீக," என்றார். அறுபது வருடத்துக் கதையைத் தேதியோடு சொல்லுகிறவளிடம் ஒருவர் இப்படிச் சொல்கிறார், நான் டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறேன். எழுந்து வரும்போது அவரே சொன்னார். "உங்க மகன் வெவரமான ஆளு, தீர விசாரிக்காமப் பேசியிருக்க மாட்டாருன்னுதான் நான் அட்வான்ச வாங்குனேன். அவரு அதே குரூப்ல, அதே மாதிரி வாயாலச் சொல்லட்டும். மறுநாளே ஞானராசுவக் கூப்பிடுதேன். வேலைய இன்னும் யாருக்கும் விடல."

அதற்குப் பிறகுதான் போன வாரம் உனக்குப் போன் போட்டேன். போட்டும் நேராகச் சொல்ல வரவில்லை. "அந்தக் கொத்தனார் கணக்குல எங்கயோ தப்பு இருக்கும் போலய்யா" என்று இழுத்தேன். "பாவம்னா அந்த ரெண்டு நாள் காசக் குடுத்துரும்மா, நான் அனுப்புறேன்," என்றாய். குரூப்பில் ஒரு வார்த்தை சொல்கிறாயா என்று கேட்டதற்கு, "ஐயோ, அது அசிங்கமாயிரும்மா. என் ஆபீஸ் ஆளுங்க கூட அதுல இருக்காங்க. விடும்மா," என்றாய். நான் விட்டேன். அசிங்கமாக இருக்கும்தான். அது எப்படி இருக்கும் என்று இந்த மூன்று மாதமாக எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சுமக்க முடியாமல் நான் ஒளித்து வைத்ததால் ஞானராசு மருந்து ரூமில் உட்கார்ந்திருக்கிறான். நீயும் ஒளித்து வைத்தால் அவன் அங்கேயேதான் இருப்பான். நாளைக்கு அந்தப் பக்கமிருந்து ஏதாவது சத்தம் கேட்டால் எஸ்தர் தெருவுக்கு ஓடுவாள். நான் எங்கே ஓடுவேன்? நீ எங்கே ஓடுவாய்?

அதனால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று எழுதித் தருகிறேன். எழுத்தாகப் போடாதே, வாயால் சொல். முதலில் உன் பேரையும் என் பேரையும் சொல்லிவிட்டு இதைச் சொல்: "கொத்தனார் ஞானராசு எங்கள் வீட்டில் பன்னிரண்டு நாள் வேலை பார்த்தார். பன்னிரண்டு நாளுக்குத்தான் கூலி கேட்டார். எங்கள் அம்மா இரண்டு நாளை மறந்துவிட்டார். மறந்தது தெரிந்த பிறகும் என்னிடம் சொல்லவில்லை. நானும் ஞானராசுவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவரைத் திருடன் என்று சொன்னேன். அவர் திருடன் இல்லை. அவர் வேலை பார்த்த மாடி ஒழுகவில்லை." இவ்வளவுதான். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, பாவம் என்று நடுவில் சேர்க்காதே. ஏதோ குழப்பம் ஆகிவிட்டது என்று மழுப்பாதே. என் பேரைச் சொல்கிற இடத்தில் குரலைத் தாழ்த்தாதே. பிறகு இந்தக் கடிதத்தையும் போடு, யாருக்காவது சந்தேகம் இருந்தால் படித்துக்கொள்ளட்டும்.

இன்றைக்குச் சனிக்கிழமை. அடுத்த வீட்டுப் பெண் கம்பெனி விட்டு வந்ததும் இந்தத் தாள்களைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுவாள், சொல்லி வைத்திருக்கிறேன். நீ என் மேல் கோபப்படு, ஒரு வாரம் பேசாமல் இரு, தீபாவளிக்கு வரமாட்டேன் என்று சொல், எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கு ஞாயிறு, வேன் வராது. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வரும். அதற்குள் சொல்லிவிடு.

அம்மா